பேத்தியின் கையும் முதல் எழுத்தும்: சம்பூரிலிருந்து ஓர் அம்மம்மாவின் குறிப்புகள்

எனது பேத்திக்கு இப்போது நாலரை வயது. அவளுடைய தாய், அதாவது எனது மகள், குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். காலையில் முன்பள்ளிக்குப் போய் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பிள்ளை திரும்பி விடுகிறாள். மிச்ச நேரம் முழுவதும் என்னோடுதான். ஆகவே அவளுக்கு எழுத்துப் பழக்கும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இது எனக்குப் புதிய வேலை அல்ல. கிளிவெட்டி முகாமில் தறப்பாளுக்குக் கீழே சின்னப் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கியிருக்கிறேன். எனது மகளுக்கும் நான்தான் பழக்கினேன். அதில் நான் செய்த ஒரு பிழையை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். இப்போது பேத்தியோடு இருந்து மெதுவாகச் செய்து பார்க்கும்போதுதான் எது பிழை, எது சரி என்று விளங்குகிறது. எங்கள் பகுதியில் பல வீடுகளில் என்னைப் போல அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும், இடம்பெயர்வில் படிப்பை இழந்த இளந்தாய்மாருக்கும் உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அவசரம் எங்கிருந்து வந்தது

எனது மகள் 2006 ஜனவரியில் தரம் ஒன்றுக்குச் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடை, புதுச் சப்பாத்து, ஒரு தண்ணீர்ப் போத்தல். ஏப்ரல் 25ஆம் திகதி சம்பூர்ப் பக்கம் குண்டுகள் விழத் தொடங்கின. அவளுடைய முதலாம் தரம் நாலு மாதத்தோடு முடிந்தது. அதன் பிறகு ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று ஓடினோம். 2007இல் கிளிவெட்டிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. 2015 ஓகஸ்டில் ஊரின் ஒரு பகுதிக்குத் திரும்பினோம். கடற்படை முகாம் இருந்த பகுதி 2016 மார்ச்சில்தான் விடப்பட்டது. நாலு மாதம் பாடசாலைக்குப் போன பிள்ளை, ஊர் திரும்பும்போது பாடசாலை வயதின் கடைசியில் நின்றாள்.

முகாமில் எழுத்தின் பெறுமதி எல்லோருக்கும் தெரிந்தது. நிவாரண அட்டைக்குப் படிவம், காணிக்குப் படிவம், காணாமல் போனவருக்கு முறைப்பாடு. எழுதத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் அவர்களைச் சுற்றி இருபது பேர் இருப்பார்கள். எனது அம்மாவுக்குக் கையெழுத்து வராது. மை தடவிய பெருவிரலை அவர் சீலைத் தலைப்பில் துடைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மற்றவர்களின் கடதாசிகளை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால் அந்த மனிதர் எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்பதை அங்கேதான் கண்டேன்.

அந்தப் பயத்தோடுதான் மகளுக்கு எழுத்துப் பழக்கினேன். ஒரு கொப்பியில் 'அ' எழுதி, பக்கம் முழுக்க எழுது என்றேன். அடுத்த நாள் 'ஆ'. அவள் இடது கையில் பென்சிலைப் பிடிப்பாள். நான் பிடுங்கி வலது கையில் வைப்பேன். திரும்பவும் இடது கைக்குப் போனால் அடிமட்டத்தால் தட்டுவேன். ஒரு கட்டத்தில் அவள் வலது கையால் எழுதப் பழகினாள். எழுத்தும் வந்தது. ஆனால் எழுதுவதில் அவளுக்கு ஒரு நாளும் விருப்பம் வரவில்லை. இன்றும் குவைத்திலிருந்து குரல் பதிவுதான் அனுப்புவாள். இரண்டு வரி எழுதி அனுப்பு என்றால், "எழுத்து எனக்குச் சரிவராதம்மா, பேசியே அனுப்புறன்" என்பாள்.

பாடசாலையை இழந்தது நாங்கள். அந்த இழப்பை ஐந்து வயதுப் பிள்ளையின் விரலில் ஏற்றி வைத்தது நான். இப்போதும் எங்கள் ஊர்களில் இது நடப்பதைப் பார்க்கிறேன். மூன்று வயதிலேயே கொப்பியும் பென்சிலும் கொடுத்து, 'ஃ' வரை எழுதுவான் என்று பெருமைப்படுகிறார்கள். அரசாங்கப் பாடசாலையில் தரம் ஒன்றுக்குச் சேர 5 வயது பூர்த்தியாக வேண்டும். எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எழுத்து பழக்க அங்கே ஆசிரியர் இருக்கிறார். வீட்டில் எங்களுடைய வேலை, பிள்ளையின் கையையும் கண்ணையும் காதையும் அதற்கு ஆயத்தப்படுத்துவது. பிள்ளை தானாகக் கேட்டால் எழுத்தையும் காட்டலாம்.

அதற்காக வீட்டில் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லவில்லை. எங்கள் மண்ணில் பாடசாலை அடிக்கடி நின்றுபோகும். போரில் நின்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நின்றது. 2020இல் கொரோனாவுக்காக மூடினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் மூடினார்கள். மாரி மழையில் பாதை மூழ்கினால் இன்றும் முன்பள்ளி இல்லை. ஆகவே வீட்டில் ஒருவருக்குப் பழக்கத் தெரிந்திருப்பது நல்லது. எப்படிப் பழக்குவது என்பதுதான் விடயம்.

முதலில் கை

நாலு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. விரல்களுக்குப் பலம் குறைவு. அதனால்தான் சின்னப் பிள்ளைகள் பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கிறார்கள். அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. பெருவிரல், சுட்டு விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்கும் பிடி நாலு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் மெதுவாக வரும். அதை வரவைக்க எங்கள் குசினியிலேயே போதுமான வேலைகள் இருக்கின்றன.

முருங்கைக் கீரையைக் காம்பிலிருந்து உருவுவது, நெத்தலியின் தலையைக் கிள்ளுவது, பயற்றங்காயை ஒடிப்பது, சுளகில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குவது, ரொட்டிக்குக் குழைத்த மாவில் கொஞ்சம் கிள்ளி உருட்டுவது. இவை எல்லாவற்றிலும் பெருவிரலும் சுட்டு விரலும் சேர்ந்து வேலை செய்கின்றன. பேத்திக்கு நெத்தலி கிள்ளுவதில் பெரிய விருப்பம். அவளுடைய தகப்பன் வலை பொத்தும்போது பக்கத்தில் இருந்து நூலில் முடிச்சுப் போடப் பார்ப்பாள். இப்படி ஒரு வருடம் போனது. பென்சிலை நான் கொடுக்கவில்லை.

அடுத்தது கோடுகள். பிள்ளைகள் கோடுகளைப் பழகுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு கிடையாக ஒரு கோடு. மூன்று வயதளவில் வட்டம். நாலு வயதளவில் சிலுவைக் குறி. அதற்குப் பிறகு சதுரம். முக்கோணம் ஐந்து வயதளவில்தான் வரும். சரிவான கோடு சின்னக் கைக்குக் கஷ்டம். உங்கள் பிள்ளைக்கு வட்டத்தை மூடத் தெரியாவிட்டால் 'அ' எழுதச் சொல்வதில் பயன் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் வட்டம் கீறட்டும். கோழிமுட்டை, நிலா, ரொட்டி என்று சொல்லிக் கீறலாம்.

மணல் பழைய கொப்பி

எனக்கு எழுத்துப் பழக்கியவர் எனது அப்பா. 1977இல், கடற்கரை மணலை அள்ளி வந்து முற்றத்தில் பரப்பி, சுட்டு விரலைப் பிடித்து எழுத வைத்தார். ஏடு தொடக்கும்போது தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத வைப்பதும் இதே முறைதான். தைப்பூசத்திலோ விஜயதசமியிலோ அதைச் செய்துவிட்டு, அடுத்த நாளே பென்சிலைத் திணித்து விடுகிறோம். சடங்கில் இருக்கிற பாடத்தை நாங்கள் கவனிப்பதில்லை.

இந்த மணல் எழுத்து உலகம் சுற்றிய ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்திய அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தன்னுடைய இல்லத்திலும் செய்து பார்த்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். அதன் பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளில் 'மெட்ராஸ் முறை' என்று அது பரவியது. இத்தாலியரான மரியா மொண்டிசோரி, தச்சர் மரத்தை மினுக்கும் மணல்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்தார். அவர் 1939இல் இந்தியாவுக்கு வந்து, உலகப் போர் காரணமாக 1946 வரை அங்கே இருந்தார். விரல் தோல் உணர்வதைக் கை மறக்காது என்பதுதான் இரண்டு முறைக்கும் அடிப்படை.

நான் செய்வது இதுதான். ஒரு பழைய தட்டில் ஒரு விரல் கணுவளவு மணல். கடற்கரை மணலை இரண்டு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, சிப்பித் துண்டுகளை அரித்து எடுத்துவிட வேண்டும். காய்ந்த மணலில் கோடு மூடிக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நல்லது. நான் முதலில் பெரிதாக எழுதுவேன். எழுதும்போது கை போகும் வழியை வாயால் சொல்வேன்: "கீழ, பக்கத்தால, மேல." அதுதான் 'ப'. பிறகு அவள் என் கோட்டின் மேலேயே விரலை ஓட்டுவாள். பிறகு தட்டை ஆட்டி அழித்துவிட்டுத் தானாக எழுதுவாள்.

மணலில் பெரிய நன்மை ஒன்று உண்டு. பிழை தங்காது. கொப்பியில் பிழை விட்டால் அழிறப்பரால் தேய்த்துக் கடதாசி கிழியும், பிள்ளைக்கு அழுகை வரும். மணலில் ஒரு ஆட்டோடு சரி. செலவும் இல்லை. முகாமில் எங்களுக்குக் கொப்பி தட்டுப்பாடாக இருந்த காலத்திலும் மணலுக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

'அ'வில் தொடங்க வேண்டுமா?

சடங்கில் 'அ'வில் தொடங்குகிறோம். அது முறை. ஆனால் கைக்கு 'அ' கஷ்டமான எழுத்து. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கிடைக்கோடு, ஒரு நேர்க்கோடு, நாலும் ஒன்றாக வருகின்றன. 'இ' இன்னும் சிக்கல். நெடுங்கணக்கின் ஒழுங்கு ஒலியின் ஒழுங்கு. வாயால் பாடமாக்க அது நல்லது. கையால் எழுதுவதற்கு வேறு ஒழுங்கு வேண்டும்.

எளிதானது 'ட'. கீழே ஒரு கோடு, பக்கத்தால் ஒரு கோடு. அதை மேலே உயர்த்தினால் 'ப'. 'ப'வின் வலது பக்கத்தை உள்ளே வளைத்துக் கொண்டுவந்தால் 'ம'. ஒன்றிலிருந்து மற்றது பிறப்பதைப் பிள்ளையே காண்கிறாள். இதன் பிறகு 'க', 'ல'. 'ல' சுழியில் தொடங்குகிறது. சுழி பழகிவிட்டால் 'வ', 'ன', 'ண' என்று ஒரு கூட்டமே பின்னால் வரும்.

இந்த ஐந்து எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் எத்தனை சொற்கள் வருகின்றன என்று பாருங்கள்: படம், பட்டம், பல், கல், பகல், கடல், கப்பல். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பழக்கமான சொற்கள் எவை? எங்கள் கரையில் நின்றால் கொட்டியாரக் குடா முழுவதும் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் முன்னால் காத்து நிற்கும். பேத்தி முதலில் வாசித்த சொல் 'கடல்'. கொப்பியில் ஐந்து பக்கம் 'அ' எழுதிய பிள்ளைக்கு எழுத்து ஒரு தண்டனை. ஐந்து எழுத்தில் 'கடல்' வாசித்த பிள்ளைக்கு எழுத்து என்றால் என்ன என்று விளங்கிவிட்டது.

இங்கே இன்னொன்றும் முக்கியம். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லுங்கள். 'பானா, டானா' என்று பழகிய பிள்ளை 'படம்' என்பதைச் சேர்த்து வாசிக்கத் திண்டாடும். 'ப', 'ட', 'ம்' என்று பழகியது உடனே சேர்க்கும். புள்ளி வைத்தால் ஒலி பாதியாகிறது என்பதையும் விளையாட்டாகக் காட்டலாம். 'ம' என்றால் வாய் திறக்கும். 'ம்' என்றால் மூடியே இருக்கும்.

247ஐக் கண்டு பயப்பட வேண்டாம்

தமிழில் 247 எழுத்து என்று சொல்லியே தாய்மார் பயப்படுகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31ஐயும் அறிந்தால், மிச்சம் 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் சில குறிகளின் சேர்க்கைதான். புள்ளிக்குப் பிறகு 'ா' என்ற குறியைக் காட்டினால் பால், கால், காகம் என்று வாசல் திறக்கும். அதன் பிறகு 'ி', 'ீ'. 'அம்மா' என்ற சொல்லை இந்த இடத்தில் எழுதலாம். அதில் ஓர் உயிர் 'அ', ஒரு மெய் 'ம்', ஓர் உயிர்மெய் 'மா' மூன்றும் இருக்கின்றன. தமிழ் எழுத்தின் அமைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நாங்கள் எரிச்சல்படத் தேவையில்லை.

முதலாவது, 'கெ', 'கே', 'கை'. குறியை முன்னால் எழுதுகிறோம், ஒலி பின்னால் வருகிறது. 'கொ', 'கோ'வில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. கேட்டபடி எழுதும் பிள்ளை 'க'வை முதலில் எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடும். அது புத்தியுள்ள பிழை. இவற்றை மற்றக் குறிகள் நன்றாகப் பழகிய பின் காட்டுவது நல்லது.

இரண்டாவது, உகரம். இதற்கு ஒரே குறி இல்லை. 'கு' தனி வடிவம். 'சு, பு, வு' ஒரு கூட்டம், கீழே ஒரு கோடு இறங்கும். 'டு, மு, ரு' இன்னொரு கூட்டம். 'து, நு, லு' வேறொரு கூட்டம். வரிசையாகப் பழக்காமல் கூட்டம் கூட்டமாகப் பழக்கினால் எளிது. இதை வீட்டில் அவசரப்பட்டுச் செய்யத் தேவையே இல்லை. தரம் ஒன்றில் பழகட்டும்.

மூன்றாவது, ல-ள-ழ, ன-ண-ந. எங்கள் பேச்சில் 'ழ'வும் 'ள'வும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. பிள்ளை வீட்டில் கேட்பது 'புள்ள', எழுத வேண்டியது 'பிள்ளை'. பிள்ளை பிழையாகப் பேசுகிறது என்று சொல்லிவிடாதீர்கள். பேச்சு வீட்டுடையது, எழுத்து புத்தகத்துடையது, இரண்டும் எங்களுடையது என்று சொல்லுங்கள். எது எந்த 'ன' என்பது பார்த்துப் பார்த்துத்தான் பழகும். அதற்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவதைப் போல வேறு வழி இல்லை.

நாலாவது, அம்மம்மாக்களுக்கு ஒரு சொல். நான் படித்த காலத்தில் லை, னை, ணா, றா எல்லாம் வேறு வடிவம். 'லை'யில் யானைத் தும்பிக்கை போல ஒன்று மேலே எழும்பும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு அச்சில் புதிய வடிவம் நிலைத்தது. இங்கேயும் இன்றைய பாடநூல்களில் அதுதான். எனது கை இன்னும் சில வேளை பழையதை எழுதிவிடும். பிள்ளைக்குக் காட்டும்போது தரம் ஒன்றுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சில், கொப்பி, நேரம்

மணலுக்குப் பிறகு உடனே கொப்பி வேண்டாம். இடையில் வெண்கட்டி. சீமெந்து நிலத்திலோ சிலேட்டிலோ எழுதலாம். முழு வெண்கட்டியைக் கொடுக்காமல் பெருவிரல் நுனியளவு துண்டைக் கொடுங்கள். சின்னத் துண்டைப் பொத்திப் பிடிக்க முடியாது. மூன்று விரலால்தான் பிடிக்க வேண்டும். பிடி தானாக வந்துவிடும். பென்சிலும் அப்படித்தான். புதுப் பென்சிலைவிடத் தேய்ந்த கட்டைப் பென்சில் சின்னக் கைக்கு ஏற்றது.

கொப்பி தொடங்கும்போது கோடில்லாத தாள். பிறகு சதுர றூள் கொப்பி. ஒரு சதுரத்துக்குள் அடக்கு என்று கட்டாயப்படுத்த வேண்டாம். நாலு சதுரம் சேர்த்து ஓர் எழுத்து எழுதட்டும். கை பலமாகும்போது எழுத்துச் சிறுக்கும்.

நேரம் பத்து நிமிடம் போதும். பிள்ளை இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அடுத்த நாள் அவளாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். பசி நேரம், நித்திரை நேரம், வீட்டில் சண்டை நேரம் வேண்டாம். இரண்டு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

எழுத்தை இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவது போல எழுதினால் பயப்படாதீர்கள். ஆறு ஏழு வயதுவரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். அதற்குப் பிறகும் மாறாவிட்டால், அல்லது சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்தால், கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ ஆசிரியரிடமோ கதையுங்கள். முகாமில் ஒரு பையனை மண்டையில் ஏறாதவன் என்று எல்லோரும் சொன்னோம். பிறகு பார்த்தால் அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை.

இடது கை

பேத்தியும் இடது கைக்காரி. நெத்தலி கிள்ளும்போதே கண்டுகொண்டேன். எனக்கு நெஞ்சு திக்கென்றது. உலகத்தில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடது கையால் எழுதுகிறவர். அது நோயும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. சோற்றை வலது கையால் உண்ணட்டும், கோயிலில் திருநீற்றை வலது கையால் வாங்கட்டும். அதைப் பழக்கமாகச் சொல்லிக் கொடுக்கலாம். எழுதுவது மூளையும் கையும் சேர்ந்து தீர்மானித்த விடயம். அதை மாற்றினால் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு சண்டை பிடிக்க வேண்டும்: எழுத்தோடு ஒன்று, தன் கையோடு ஒன்று.

இடது கைப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். தாளை நேராக வைக்காமல், மேல் விளிம்பு வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். பென்சிலை நுனியிலிருந்து சற்று மேலே பிடிக்கட்டும். அப்போது எழுதியது கண்ணுக்குத் தெரியும். வலது கையால் எழுதும் நாங்கள் பக்கத்தில் இராமல் எதிரே இருந்து காட்டினால் பிள்ளைக்கு விளங்கும். தரம் ஒன்றுக்குப் போகும்போது ஆசிரியரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாங்கில் இடது ஓரத்தில் இருத்தினால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

போன மாதம் பேத்தி மணலில் 'அம்மா' எழுதினாள். மருமகன் அதைத் தொலைபேசியில் படம் பிடித்துக் குவைத்துக்கு அனுப்பினார். இரவு மகள் அழைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"அம்மா, அவள் இடக்கையாலயா எழுதுறாள்? நீங்க ஒண்டும் சொல்லலயா?"

"சொல்லல, மகள். உனக்குச் செய்தது பிழை எண்டு இப்பதான் தெரியுது" என்றேன்.

"அப்ப ஒரே ஓட்டந்தானேம்மா. நீங்களும் என்ன செய்யிற" என்றாள்.

அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. ஓட்டம் உண்மைதான். ஆனால் அடிமட்டத்தைத் தூக்கியது ஷெல் இல்லை, நான்தான். அன்று நானும் பயந்த ஒரு தாய். பயத்தில் செய்ததை விளங்கிக்கொள்ளலாம். அதை அடுத்த தலைமுறைக்கும் செய்யாமல் இருக்கலாம். இப்போது ஓட்டம் இல்லை. எங்களுக்கு நேரம் இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்க இருப்பதில் பெரியது அந்த நேரம்தான்.

இன்று காலை பேத்தி வெண்கட்டியால் வாசற்படியில் 'கபல்' என்று எழுதி வைத்திருக்கிறாள். ஒரு 'ப்' குறைகிறது. நான் திருத்தவில்லை. நாளைக்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், கப்பலைக் காட்டி, அந்தச் சொல்லை இரண்டு பேரும் உரக்கச் சொல்லிப் பார்ப்போம். 'ப்'இல் வாய் மூடி நிற்பது அவளுக்கே தெரியவரும்.